பசிப்புல் வளைவு

அக்டோபர் 6, திங்கள்

மழை. அயர்லாந்தின் மேயோவில் இருந்துகொண்டு மழை என்று எழுதுவது மைக்குக் கேடு. இனிமேல் மழை இல்லாத நாளை மட்டும் குறிப்பதாக முடிவு.

ஷிவோன் இன்று என் வேலைப் பட்டியலில் இன்னொரு வீட்டையும் சேர்த்துவிட்டாள். அவள் எங்கள் மேலாளர். குரலில் தேன், கொடுக்கிற வேலையில் தேள். காலையிலிருந்து வயதானவர்கள் வீடு வீடாகக் கம்பெனிக் காரில் போய், குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது என் பிழைப்பு. ஊருக்கெல்லாம் ஊட்டுகிற எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமில்லை. புதிய வீடு ப்ரீஜ் என்ற அம்மாளுடையது. எண்பத்து நாலு வயது. மலைக்கு மேலே நாக்கரோ என்ற இடத்தில் மகன் டெக்லனோடு இருக்கிறார். தார் ரோட்டில் சுற்றிப் போனால் நேரமாகும், பழைய சாலையில் ஏறிப் போ என்றாள் ஷிவோன்.

அதைச் சாலை என்று சொன்னவளுக்கு நல்ல மனசு. ஒரு கார் அகலம், இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் வகிடு எடுத்தாற்போல் நீளத்துக்கும் புல். எதிரே ஆடு வந்தால் பின்வாங்க வேண்டியது நான்தான். மூன்றாம் தடவையில் லைசென்ஸ் வாங்கியவள் இதற்கெல்லாம் சலித்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் போனால் இந்த வேலை போச்சு, வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற பெர்மிட் போச்சு, அதுவும் போனால் வியாகப்பனும் அனிலாவும் தூத்துக்குடியிலேயே இருக்க வேண்டியதுதான். அவர்கள் வருவதற்கான மனு விசா அலுவலகத்தில் கிடக்கிறது. புருஷன் முகத்தையும் மகள் முகத்தையும் போனில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

வாங்க வேண்டியது: சோப்புத்தூள், வெங்காயம், சுகர் மீட்டருக்குப் பாட்டரி.

அக்டோபர் 9, வியாழன்

ப்ரீஜைப் பெயர் சொல்லிக் கூப்பிட முதலில் வாய் கூசியது. அவர் அதற்கு இடமே வைக்கவில்லை. "அம்மா கிம்மான்னு சொன்னேன்னா வெளிய தள்ளிருவேன். எனக்கு ஒரு பிள்ளையே போதும், அவனே தாங்கல." (இவர்கள் பேசுகிற இங்கிலீஷை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்குக் காதில் விழுகிறது.)

இந்த நாட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: கிராண்ட். நல்லாருக்கேன் என்று அர்த்தம். இடுப்பு ஒடிந்தாலும் கிராண்ட், மாடு செத்தாலும் கிராண்ட். நானும் பழகிவிட்டேன்.

டெக்லனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஆடு வளர்க்கிறார். ஆட்டுக்கு ஒரு வார்த்தை, மனுஷருக்கு அரை வார்த்தை. இன்று என்னவோ அதிசயமாகப் பேசினார்.

"அந்த ரோட்லயா வந்தீங்க? கையில ரொட்டி இருக்கா?"

"ரொட்டி எதுக்கு?"

"கல்லுக் குவியல் இருக்கே, அந்த வளைவுல பசிப்புல் மொளைக்கி. மிதிச்சா ஆள அப்படியே கீழ போட்டுரும். ஒரு வாய் ரொட்டி தின்னா எந்திரிச்சிரலாம். நாங்க யாரும் ரொட்டி இல்லாம அந்த வழி போறதில்ல."

உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில் போட்ட சாலையாம். சும்மா சோறு போட மாட்டோம், ரோடு போட்டால் கூலி என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. பட்டினி கிடந்தவர்கள் கல்லுடைத்து இந்த மலைமேல் சாலை போட்டிருக்கிறார்கள். கூலி, மஞ்சள் சோளமாவு. அந்த மாவுக்குப் பெயர் இந்திய மாவாம்.

"எங்க ஊரு மாவா?" என்றேன்.

"அமெரிக்காலருந்து வந்தது. உங்க பேரு, அவங்க சோளம், எங்க வயிறு."

உங்கள் வீட்டைத் தாண்டிச் சாலை எங்கே போகிறது என்று கேட்டேன். எங்கேயும் போகாதாம், மேலே சேற்றில் போய் நின்றுவிடுமாம். கூலி கொடுப்பதற்காகப் போட்ட சாலைக்குப் போகிற இடம் தேவைப்படவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் நோட்டு, எழுதுகிறேன்.

ப்ரீஜ் வீட்டுக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கற்குவியல் வளைவில் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே எனக்குச் சட்டை நனைகிறது. கை நடுங்கியது. சாலை இரண்டாகத் தெரிந்தது. எது நிஜச் சாலை என்று தெரியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன், அதுவரைக்கும் மாதா காப்பாற்றினாள். அப்புறம் டெக்லன் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். டிராக்டரில் அந்த வழியாக வந்திருக்கிறார். திராட்சை போட்ட ரொட்டியைப் பிய்த்து என் வாயில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் உலகம் ஒன்றானது.

"சொன்னேன்லா?" என்றார். அவ்வளவுதான். டாக்டர், ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அந்த மனுஷரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அக்டோபர் 15, புதன்

இது சர்க்கரை இல்லை. சர்க்கரை என்றால் எனக்குத் தெரியாதா? என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது, அடக்கி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வியாகப்பன் அனுப்புகிற மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். போன மாதம் கொஞ்சம் கூடியிருந்ததால் நானாகவே ஒன்றை இரண்டாக்கிக்கொண்டேன். ஆக, கூடுவதற்கு வழியில்லை.

இங்குள்ள டாக்டரிடம் போனால் மயக்கம் வந்ததா என்பார். வந்தது என்றால் ஸ்டியரிங்கைத் தொடாதே என்பார். போகவில்லை.

பாட்டரி வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

குளிப்பாட்டும்போது ப்ரீஜின் விலாவில் கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. கேட்டால் கதவு இடித்ததாம். கதவுக்கு என்ன அவர்மேல் அப்படி ஒரு கோபம்? விடாமல் கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். டெக்லனுக்கே தெரியாது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இப்பிடி மறைச்சு மறைச்சு ஒரு நாள் மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்லுவா? உடம்புல ஒண்ணுன்னா சொல்லணும். சொன்னாத்தான மத்தவங்களுக்கும் நல்லது?" என்று ஒரு பிரசங்கமே வைத்தேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"முடிஞ்சுதா, பிள்ள? நான் விழுறது தெரிஞ்சா முதியோர் இல்லத்துல கொண்டு போட்டுருவாங்க. இந்த ஜன்னல்தான் நான் கட்டிட்டு வந்த நாள்லருந்து பாக்கிற ஜன்னல். அது போகட்டும், நீ வளைவுல வாயப் பொளந்து கெடந்தியாம்லா. டெக்லன் சொன்னான். அத யார்கிட்ட சொன்ன?"

அது பசிப்புல் என்றேன்.

"அப்ப இது கதவு" என்றார்.

ஷிவோனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

விசா அலுவலகத்திலிருந்து இன்னொரு சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அனிலா போனில் அயர்லாந்துப் பள்ளிக்கூடத்தில் தயிர்சாதம் கொண்டுபோனால் சிரிப்பார்களா என்று கேட்டாள். சிரித்தால் ரசம் கொண்டு போ என்றேன்.

இன்றும் வளைவில் கை நடுங்கியது. ஆனால் கோட்டுப் பையில் ப்ரீஜ் வீட்டு ரொட்டி இருந்தது. தின்றேன், சரியாகிவிட்டது. பார்த்தாயா, சாலைதான். வேறு இடத்தில் வருகிறதா? (செவ்வாய்க்கிழமை கடையில் வந்தது சும்மா கூட்டத்தின் புழுக்கம்.) எங்கள் பக்கத்திலும் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்குக் கம்மாய் வெட்டவும் ரோடு போடவும் ஆட்களை விட்டார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அதே துரைமார், அதே ஏற்பாடு. அங்கே எத்தனை வளைவில் என்னென்ன முளைத்திருக்கிறதோ.

அந்த இடத்தில் மட்டும் ஏன் பசிப்புல் என்று ப்ரீஜிடம் கேட்டேன்.

"அங்க ஒருத்தி விழுந்தா. முதுகுல பிள்ளையக் கட்டிட்டு கல்லு சொமந்தவ. காலையில கங்காணி வரிசையா நிப்பாட்டி ஒவ்வொருத்தரா கேப்பான், நல்லாருக்கியான்னு. நல்லாருக்கேன்னு சொன்னவங்களுக்குத்தான் வேலை, வேலை செஞ்சாத்தான் மாவு. இவ தெனமும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொல்லிட்டே வந்தா. வளைவு வரைக்கும்தான் வந்தா."

"பிள்ளை?"

"மல்லாக்க அது மேலயேதான் விழுந்தா, பிள்ள. பெறகு என்ன கேக்க?"

கஞ்சியை ஊட்டிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை!

வியாகப்பன் போன் செய்தார். "மாத்திர போடுதியா? நேரத்துக்குச் சாப்டுதியா? ஏன் மூஞ்சி இப்பிடி வத்திப் போயிருக்கு?" என்று கேள்விமேல் கேள்வி. கேமராவில் அப்படித்தான் தெரியும் என்றேன். "நல்லாத்தான இருக்க?" என்றார். கிராண்ட் என்றேன். அனிலாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய் வீடெல்லாம் கத்திக்கொண்டு ஓடினாள்.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். ப்ரீஜுக்குப் புருஷன் கல்லறையைப் பார்க்க வேண்டுமாம். டெக்லனுக்கு ஆட்டுச் சந்தை விஷயமாக வெளியூர் வேலை. ஷிவோன் என்னையே கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். என் அப்பா கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்ற முடியாத பாவத்துக்கு இன்னொருவர் புருஷனுக்காவது ஏற்றலாம்.

கடை அடைத்துவிட்டார்கள். பாட்டரி திங்கட்கிழமை.

நவம்பர் 2, ஞாயிறு

பூசைக்குக் கிளம்புகிறேன். மாத்திரை போட்டாயிற்று. நன்மை (நற்கருணை) வாங்குகிற நாள், வெறும் வயிறு. கல்லறை சந்தித்த பிறகுதான் சாப்பாடு, எங்கள் வீட்டு வழக்கம்.

நவம்பர் 3, திங்கள்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். பாதி எனக்குத் தெரியும், மீதி ப்ரீஜ் சொன்னது.

பூசை முடிந்து மேலே போய் ப்ரீஜைக் காரில் ஏற்றினேன். அவர் பிடித்து நடக்கிற வாக்கரைப் பின்னால் டிக்கியில் போட்டேன். கல்லறைத் தோட்டம் மலையடிவாரத்தில், அந்தச் சாலையில்தான் இறங்க வேண்டும். வளைவில் நிறுத்தச் சொன்னார். ஆன்மாக்களின் நாளில் அந்த வழி போகிறவர்கள் தங்கள் கையில் உள்ள தீனியைக் கற்குவியல்மேல் வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். அவர் பையிலிருந்து ஒரு பிடி மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். கூட்டத்தில் பிள்ளைகளும் உண்டே என்றார். "உன் ரொட்டியும் வை, பிள்ள. இன்னைக்கு அவங்க சாப்பாடு."

வைத்தேன். சந்தோஷமாகத்தான் வைத்தேன். அந்த முதுகில் கட்டின பிள்ளையை நினைத்துக்கொண்டு வைத்தேன்.

கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினோம். என் அப்பா பெயரையும் சொல்லி ப்ரீஜ் ஒரு ஜெபம் சொன்னார், பெயரைக் கொலை செய்தார், ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. திரும்பும்போது ஏற்றத்தில் எனக்கு வேர்த்தது. கை தன்னால் கோட்டுப் பைக்குப் போனது. பை காலி. வளைவில் எடுத்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன், ஆன்மாக்களுக்கு வைத்ததை எடுப்பதா என்றும் நினைத்தேன். அதற்குள் வளைவைத் தாண்டியிருக்கிறேன். ஸ்டியரிங் எங்கோ தூரத்தில் இருந்தது. ப்ரீஜ் "நிறுத்து, நிறுத்து" என்கிறார், அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் சிரித்தேனாம்.

கார் வலது பக்கப் பள்ளத்தில் இறங்கிச் சுவரில் சாய்ந்து நின்றது. சின்ன அடிதான். அந்த இடத்தில் போன் எடுக்காது. சாலையில் ஆள் கிடையாது.

எண்பத்து நாலு வயது ப்ரீஜ் கதவைத் திறந்து இறங்கியிருக்கிறார். டிக்கி சுவரோடு முட்டிக்கொண்டு திறக்கவில்லை, அதனால் வாக்கர் இல்லை. கல் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கற்குவியலுக்குத் திரும்பி நடந்திருக்கிறார். மிட்டாயையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு வரும் வழியில் விழுந்திருக்கிறார். மணிக்கட்டு ஒடிந்தது அப்போதுதான். எழுந்திருக்க முடியவில்லை. நடுவில் முளைத்த புல்மேல் ஊர்ந்து வந்திருக்கிறார்.

எனக்கு நினைவு திரும்பும்போது வாயில் மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது. அவர் பாவாடையெல்லாம் சேறு. ஒரு கை தொங்கிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார்.

"செத்தவங்களுக்கு வச்சதத் திருப்பி எடுத்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றார். "கோவிச்சிக்கிட மாட்டாங்க. பசி தெரிஞ்சவங்கதான?"

நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அழாதே, கை வலிக்கிறது என்றார். டெக்லன் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தோம். அவர்தான் ப்ரீஜை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

பாட்டரி வாங்கினேன். மீட்டரில் போட்டேன். பார்த்தேன். கூடவில்லை, இறங்கிக் கிடந்தது.

காலையில் ஷிவோன் போன் செய்தாள். குறுக்கே ஆடு வந்ததாம், நான் ஒடித்துத் திருப்பினேனாம், ப்ரீஜ் பதறிப்போய்த் தானே இறங்கி விழுந்தாராம். டெக்லன் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். "கடவுள் புண்ணியம், நீ தப்பிச்ச. ரெண்டு நாள் ரெஸ்ட் எடு" என்றாள். நான் தேங்க்ஸ் என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

மத்தியானம் டெக்லன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். வாக்கர் இல்லாமல் நடு ரோட்டில் இறங்கி நடக்கிறவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்கிறார்களாம். விலாவில் பழைய கன்றலையும் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கிறார்கள். நாளைக்குக் கூடிப் பேசுகிறார்கள்.

"ஏன் ஆடுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லச் சொன்னா. ஒங்க பிள்ள வரணும்லா."

போனை வைத்த கையோடு வியாகப்பன் அழைப்பு. விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். பின்னால் அனிலா குதிக்கிற சத்தம், மாடி வீட்டுக்காரி சண்டைக்கு வருகிற சத்தம், இவர் சிரிக்கிற சத்தம். எத்தனை மாதமாக இந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்! நானும் சிரித்தேன். நல்ல வேளை, போனில் கேமராவை அணைத்து வைத்திருந்தேன்.

நவம்பர் 5, புதன்

விசா சேதியை டெக்லனுக்குப் போனில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனேன். கார் சாவியைக் கைப்பையில் எடுத்துக்கொண்டேன்.

ப்ரீஜ் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு, முடியைக்கூட யாரும் வாரிவிடாமல் கிடந்தார். பக்கத்தில் டெக்லன். ஷிவோனும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்க, கிராண்ட் என்றார் ப்ரீஜ். எதற்காகக் காரை விட்டு இறங்கினீர்கள் என்று கேட்டாள். ப்ரீஜ் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலில் எதிர்க் கட்டிடத்தின் சுவர்தான் தெரிகிறது.

"தெரியல" என்றார். "கிழவிக்கு என்ன தோணிச்சோ."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாள். ஷிவோன் என் தோளைத் தொட்டாள்.

"பாவம், நீயும் பயந்திருப்ப. நல்லாத்தான இருக்க, ஜெசிந்தா?"

கிராண்ட் என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. இத்தனை நாளாக வந்து பழகின வார்த்தை.

"இல்ல" என்றேன். "நான் நல்லா இல்ல. ஆடு ஒண்ணும் வரல. எனக்குச் சர்க்கரை எறங்கி மயக்கம் வந்துச்சு. இது மொத தடவையும் இல்ல. இவங்க புத்தி தடுமாறி எறங்கல. வாக்கர் இல்லாம, சுவத்தப் பிடிச்சு நடந்து போயி, விழுந்து, ஊந்து வந்து என் வாயில மிட்டாய் போட்டாங்க. இவங்க எறங்கலன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன். இவங்க வீட்டுக்குப் போகணும்."

பேனாக்காரி தான் எழுதியதை அடித்தாள். நான் சாவியை எடுத்து ஷிவோன் கையில் வைத்தேன். அவள் கை உடனே மூடவில்லை.

"மடச்சி" என்றார் ப்ரீஜ். "விசா வந்துருச்சுன்னு டெக்லன் சொன்னான். ஆட்டு மேல போட்டுட்டுப் போக வேண்டியதுதான? ஆடு என்ன சாட்சி சொல்லவா வரும்?"

"உங்க விலாக் கதையும் சொல்லிருங்க" என்றேன். "கதவுன்னு சொல்லாதீங்க."

என்னை முறைத்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, குளியலறைக்குப் பிடிமானக் கம்பி போட்டால் நான் ஏன் விழப்போகிறேன் என்று சண்டை பிடித்தார். கம்பி போடுவது பற்றியும் வீட்டுக்கு அனுப்புவது பற்றியும் பேசத் தொடங்கினார்கள். இன்னும் முடிவாகவில்லை. என் வேலை பற்றியும் முடிவாகவில்லை. டாக்டர் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது, பெர்மிட் விஷயம் தெரியாது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள் ஷிவோன். அவள் குரலில் தேன் இல்லை, தேளும் இல்லை.

டெக்லன் ஜீப்பில் கொண்டு வந்து விட்டார். வழியெல்லாம் அரை வார்த்தைகூடப் பேசவில்லை. இறங்கும்போது ஒரு முழு ரொட்டியை என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வியாகப்பனைக் கூப்பிட்டேன். கேமராவைப் போட்டேன். டிக்கெட் எந்தத் தேதிக்கு எடுக்கட்டும் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"என்னட்டி? சாப்ட்டியா?"

"இல்ல" என்றேன்.

"மொதல்ல சாப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.